மறுபடி வருவீங்களா?

ஆஸ்திரேலிய வரைபடத்தின் நட்டநடுவில் விரலை வைத்தால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். அங்கிருந்து வடக்கே இருபது கிலோமீட்டர் போய் இடப்பக்கம் திரும்பினால் தனாமி சாலை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹால்ஸ் கிரீக் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அந்தச் சாலையில், ஆலிஸிலிருந்து ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் தாண்டினால் யூண்டுமு வரும். வார்ல்பிரி என்னும் பூர்வகுடி மக்களின் ஊர். எண்ணூறு பேருக்குள்தான் இருப்பார்கள். ஆனாலும் அந்தப் பாலைவெளியில் அதுதான் பெரிய ஊர்களில் ஒன்று.

என் அக்கா மகள் அடிலெய்டில் மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறாள். கிராமப்புற மருத்துவத்தில் நாட்டமுள்ள மாணவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கங்கள் இந்த நாட்டின் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் உண்டு. அவள் இருக்கும் சங்கத்திலிருந்து எட்டுப் பேர், ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில் யூண்டுமு இளைஞர் மையத்துக்கு உதவியாகப் போவதாக ஏற்பாடு. வண்டி ஓட்ட இன்னும் ஓர் ஆள் வேண்டும், சமைக்கவும் ஆள் வேண்டும். “சித்தி, ரெண்டுக்கும் நீங்களே போதும், வாங்க” என்றாள்.

அங்கே பிள்ளைகளோடு பழகப்போகிறவர்கள் காவல்துறைச் சரிபார்ப்பு முடித்து ‘ஓக்கர் கார்டு’ வாங்க வேண்டும். அந்த ஊரில் தங்கி வேலை செய்ய மத்திய நில மன்றத்தின் அனுமதிச் சீட்டும் வேண்டும். 1976-ஆம் ஆண்டின் நில உரிமைச் சட்டப்படி அது அந்த மக்களின் சொந்த நிலம். இந்தக் காகிதங்கள் கைக்கு வரும்வரை காத்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அடுத்தவர் வீட்டுக்குள் போகுமுன் வாசலில் நின்று குரல் கொடுப்பதுதானே முறை.

இரண்டு லேண்ட் க்ரூஸர்களில் புறப்பட்டோம். பின்பக்கம் எதிரெதிரே பெஞ்சு போட்ட, அங்கே எல்லாரும் ‘ட்ரூப்பி’ என்று சொல்லும் வகை. வெளியே சிவந்த மண், வெளுத்த ஸ்பினிஃபெக்ஸ் புல், குட்டையான மல்கா மரங்கள். ஜூலை அங்கே குளிர்காலம். பகலில் வெயில் இதமாக இருக்கும், இரவில் தண்ணீர் உறையப் பார்க்கும். தார் முடிந்து செம்மண் தொடங்கிய இடத்தில், மாணவர்களைக் கூட்டிவந்த பெண் மருத்துவர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். அவர் பாலைவன ஊர்களில் பல காலம் வேலை பார்த்தவர். ஊருக்குள் போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, சாலைக்கு வடக்கே கைகாட்டினார். அந்தப் பக்கம்தான் கோனிஸ்டன்.

1928 ஆகஸ்டில் அங்கே டிங்கோ நாய்களை வேட்டையாடும் வெள்ளைக்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். அதற்காகப் புறப்பட்ட காவல்துறைக் குழு வாரக்கணக்கில் குதிரையில் சுற்றிக் கண்ணில் பட்டவர்களைச் சுட்டது. செத்தவர்கள் 31 பேர் என்று அரசு விசாரணை கணக்கெழுதியது, சுட்டது நியாயம்தான் என்றும் தீர்ப்புச் சொன்னது. உண்மையில் இறந்தவர்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்பது அந்த மக்களின் நினைவு. வடக்குப் பிரதேசக் காவல்துறைத் தலைவர் அந்த இடத்துக்கே வந்து மன்னிப்புக் கேட்டது 2018-இல். தொண்ணூறு ஆண்டு கழித்து. “நீங்க சந்திக்கப்போற பாட்டிமார்களோட அப்பா அம்மா அப்போ ஓடி ஒளிஞ்சு தப்பிச்சவங்க. சீருடையோ, கழுத்துப் பட்டையோ மாட்டிக்கிட்டு வர்றவங்களை அவங்க சட்டுன்னு நம்பணும்னு எதிர்பார்க்காதீங்க” என்றார். மாணவர்கள் ஒருவரும் பேசவில்லை. ஒருவன் கழுத்தில் தொங்கிய கல்லூரி அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தான்.

இளைஞர் மையத்தின் வெளியே தீ மூட்டி உட்கார்ந்திருந்த மூத்த பெண்ணிடம்தான் முதலில் போக வேண்டியிருந்தது. கம்பளியைப் போர்த்தியிருந்தார், மடியில் ஒரு பேத்தி, காலடியில் நாலைந்து நாய்கள். அவர் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, இந்தப் பெண் உனக்கு என்ன வேண்டும் என்பதுதான். என் அக்கா பெண் என்றேன். “அப்ப உன் பொண்ணு” என்றார், சந்தேகத்துக்கே இடமில்லாமல். வார்ல்பிரி சமூகம் எட்டுப் பிரிவுகளாக இருக்கிறது. யார் எந்தப் பிரிவு என்று தெரிந்தால்தான், யாருக்கு யார் என்ன முறை, யாரிடம் கேலி பேசலாம், யாரைக் கண்டால் விலகி நிற்க வேண்டும் என்பது தெரியும். பிரிவு இல்லாத ஆளோடு எப்படிப் பழகுவது? அதனால் எனக்கு நகமர்ரா என்ற பிரிவைக் கொடுத்தார். நகமர்ராவின் பிள்ளை நுங்கராயியாகத்தான் இருக்க முடியும், ஆக இவள் நுங்கராயி. தாயின் உடன்பிறந்தவளும் தாய், தந்தையின் உடன்பிறந்தவனும் தந்தை. அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் வேறு கணக்கு. மற்ற மாணவர்கள் நோட்டில் படம் போட்டுப் புரிந்துகொண்டதை, முறை சொல்லி வளர்ந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தீயருகே உட்கார்ந்த சில நிமிடங்களில் நான் அந்நியமாக உணர்வதை விட்டுவிட்டேன்.

இது சமூகவியல் தகவல் மட்டுமல்ல. மருமகனும் மாமியாரும் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்ப்பதும் பேசுவதும் அங்கே கூடாது. மருத்துவ நிலையத்துக்கு வந்த ஒருவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டால், உள்ளே யார் உட்கார்ந்திருந்தார் என்று முதலில் யோசியுங்கள் என்று பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் மாணவர்களுக்குச் சொன்னார். ‘சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை’ என்று கோப்பில் எழுதப்படும் ஆட்களில் எத்தனை பேர் இப்படித் திரும்பிப் போனவர்களோ.

மாணவர்களுக்கு அங்கே வைத்தியம் பார்க்க உரிமை கிடையாது, அவர்கள் வந்ததும் அதற்காக அல்ல. மதியத்துக்கு மேல் கூடைப்பந்து, பெண் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால், இருட்டிய பிறகு பாட்டு, நடனம், சினிமா. எல்லாவற்றையும் நடத்துவது ஊரின் இளைஞர்களே. அவர்கள் சொல்கிற வேலையை இவர்கள் செய்ய வேண்டும். அதற்கிடையே ஒரு மேசை போட்டு, எலும்பு முறிந்தால் போடும் மாவுக்கட்டைப் பிள்ளைகளின் கையில் போட்டுக் காட்டுவதும், ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிவிடுவதும் உண்டு. பத்து வயதுப் பையன் ஒருவன் தன் நெஞ்சில் வைத்துக் கேட்டான், தம்பியின் நெஞ்சில் வைத்தான், பிறகு மைதானத்தின் குறுக்கே படுத்திருந்த பழுப்பு நாயை ஒரு கையால் அணைத்துக்கொண்டு அதன் விலாவில் வைத்தான். கண்ணை மூடி வெகுநேரம் கேட்டான். “இது வேகமா ஓடுது. படுத்துத்தான் இருக்கு, ஆனா ஓடுது” என்று சொல்லி, நாய் பயப்படுகிறதா, இல்லை எல்லா நாய்க்கும் இப்படித்தானா என்று கேட்டான். மாணவர்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. சரி, சோதித்துப் பார்ப்போம் என்று அவனோடு சேர்ந்து ஊர் நாய்களை எண்ணக் கிளம்பினார்கள். அறிவியல் தொடங்குவது இப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது.

அதே மைதானத்தில் இன்னொரு பையன். பின்னாலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். முரட்டுப் பிள்ளை போலிருக்கிறது என்று ஒரு மாணவி சொன்னாள். இளைஞர் மையத்துப் பெண் போய் அவன் தோளைத் தொட்டதும் உடனே திரும்பிச் சிரித்தான். காதில் சீழ். குழந்தைப் பருவத்திலேயே வந்து, செவிப்பறை ஓட்டையாகி, ஆண்டுக்கணக்கில் வடிகிற நோய். ஒரு சமூகத்தின் பிள்ளைகளில் நூற்றுக்கு நாலு பேருக்கு மேல் இது இருந்தால் அது பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். வடக்குப் பிரதேசத்தின் தொலைதூர ஊர்கள் அந்தக் கோட்டைத் தாண்டியே நின்றிருக்கின்றன. வீட்டில் வார்ல்பிரி பேசி, பள்ளியில் ஆங்கிலத்தில் பாடம் கேட்கும் பிள்ளைக்குக் காதும் பாதிதான் கேட்கிறது என்றால், அவன் எதைப் படிப்பான்? ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிலிருந்து வந்த முதல் அறுவைச் சிகிச்சை நிபுணர் கெல்வின் காங் காது மூக்கு தொண்டையைத் தேர்ந்தெடுத்ததன் பொருள் எனக்கு அந்த மைதானத்தில் விளங்கியது.

அங்கிருந்து நான் கொண்டுவந்தவற்றில் மிகக் கனமானது ஒரு பதினாலு வயதுப் பெண் பேசியது. அன்று அவளுக்கு ஊசி நாள். மாதம் ஒருமுறை, இருபத்தெட்டு நாளுக்குள், பென்சாதீன் பெனிசிலின். நம் ஊரில் பெனிடூர் ஊசி என்று பழைய ஆட்கள் சொல்வார்களே, அதே மருந்துதான். தொண்டையிலோ தோல் புண்ணிலோ ஒரு கிருமி தொற்றுகிறது. உடல் அதை எதிர்க்கப்போய்த் தன் மூட்டுகளையும் இதயத்தையுமே தாக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு முறை இந்த ருமாட்டிக் காய்ச்சல் வரும்போதும் இதய வால்வு இன்னும் கொஞ்சம் கெடுகிறது. திரும்ப வராமல் தடுக்க, குறைந்தது இருபத்தோரு வயது வரை, பலருக்கு அதற்கு மேலும், இந்த ஊசி.

எட்டு மாணவர்களும் இந்த நோயைப் பரீட்சைக்குப் படித்தவர்கள், ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. வசதியான ஆஸ்திரேலியாவில் அது கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. அதே நாட்டின் பூர்வகுடிப் பிள்ளைகளிடமோ, உலகில் பதிவான மிக உயர்ந்த அளவுகளில் ஒன்றாக இருக்கிறது. அவள் தானாகவே, ஊசி போட்டு முடித்த கையோடு மைதானத்துக்கு வந்து, அவர்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். மருந்து கெட்டியானது, பால் மாதிரி இருக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் போடக் கூடாது, உள்ளங்கையில் வைத்துச் சூடாக்க வேண்டும். போடுகிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி வைத்திருக்க வேண்டும். மெதுவாக, இரண்டு மூன்று நிமிடம், அவசரப்படாமல் உள்ளே தள்ள வேண்டும். “அவசரப்பட்டா ரெண்டு நாளைக்கு உட்கார முடியாது. போன வாரம் வந்த புது நர்ஸுக்கு இது தெரியல. நான்தான் சொல்லிக்குடுத்தேன்” என்றாள். ஒரு மாணவன், எப்போதாவது போகாமல் இருந்திருக்கிறாயா என்று கேட்டான். இருந்திருக்கிறாளாம். தெரியாத முகமாக இருந்தால் பாவாடையை இறக்கிக் காட்ட வெட்கமாக இருக்கிறது, அதனால் போகவில்லை. அவ்வளவுதான் காரணம்.

இந்த நோய்க்கு மூலம் என்ன? நெருக்கடியான வீடு. ஒரே வீட்டில் மூன்று குடும்பம், ஒரே குளியலறை, அதிலும் குழாய் பழுது. ஐரோப்பாவிலும் நம் நகரங்களின் சேரிகளிலும் இதுதான் காரணமாக இருந்தது. நோய்க்கு ஊசி இருக்கிறது, வீட்டுக்கு வரிசை நீள்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. உலகத்தின் பணக்கார நாடுகளில் ஒன்று, எண்ணூறு பேருக்குப் போதுமான வீடும் வெந்நீரும் தர முடியாத நாடு அல்ல.

யூண்டுமுவின் இளைஞர்களுக்கு நடந்த மிகப்பெரிய வைத்தியத்தை மருத்துவர்கள் செய்யவில்லை. 1990-களில் அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் பெட்ரோல் முகரும் பழக்கம் பரவியிருந்தது. டப்பாவில் பெட்ரோலை ஊற்றி மூக்கருகே கட்டிக்கொண்டு இரவெல்லாம் திரிவார்கள். மூளை கெடும், சிலர் செத்தும் போவார்கள். 1994-இல் ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். முகர்கிற பிள்ளைகளை வண்டியில் ஏற்றி, நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, மவுண்ட் தியோ என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெட்ரோலும் இல்லை, திரும்பி நடந்து வர வழியும் இல்லை. பெகி நம்பிஜின்பா பிரவுன் என்ற ஓவியரும் அவர் கணவரும் அந்தப் பிள்ளைகளோடு அங்கேயே இருந்தார்கள். வேட்டைக்குக் கூட்டிப்போனார்கள், தடம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள், அந்த நிலத்தின் கதைகளைச் சொன்னார்கள், சோறு போட்டார்கள். வெளியூரிலிருந்து வந்து ஊரோடு ஒட்டிக்கொண்ட ஆண்ட்ரூ ஸ்டோஜனோவ்ஸ்கி என்ற இளைஞர் வண்டியோட்டியும் காகித வேலை பார்த்தும் கூட நின்றார். திரும்பி வந்த பிள்ளைகளுக்கு ஊரில் ஒவ்வொரு மாலையும் செய்ய ஏதாவது இருக்கும்படி விளையாட்டும் பாட்டும் ஏற்பாடாயின. பத்தாண்டு ஆவதற்குள் யூண்டுமுவில் பெட்ரோல் முகர்வது ஏறக்குறைய நின்றுபோனது. முகர்ந்தால் போதை தராத ‘ஓப்பல்’ பெட்ரோல் அந்தப் பக்கத்து பங்க்குகளுக்கு வந்தது 2005-இல்தான். அதற்கு முன்பே ஊர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டுவிட்டது.

நான் பார்த்த கூடைப்பந்து மைதானமும் இரவு நடனமும் அந்த முயற்சியின் தொடர்ச்சிதான். அடிலெய்டு மாணவர்கள் பந்து பொறுக்கிப் போட்ட மாலைகளை அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு மாலை ஆறு மணிக்குப் போக ஓர் இடம் இருக்கிறது, அங்கே அவன் பெயர் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்பது மருந்துதான். மாணவர்களில் இரண்டு பேருக்கு முதலில் இது ஏமாற்றமாக இருந்தது. சேவை செய்ய வந்தோம், விளையாடிக்கொண்டிருக்கிறோமே என்று கேட்டார்கள். மவுண்ட் தியோ கதையை அந்தப் பாட்டியம்மா தீயருகே சொல்லி முடித்த பிறகு அந்தக் கேள்வி மறுபடி எழவில்லை.

வருகிறவர்கள் போய்விடுகிறார்கள் என்பதுதான் அந்த ஊரின் ஆறாத காயம். ஆசிரியர் வருவார், போவார். செவிலியர் சில வார ஒப்பந்தத்தில் வருவார், போவார். 2019 நவம்பரில் ஓர் இரவு, பத்தொன்பது வயது வார்ல்பிரி இளைஞன் ஒருவன் தன் பாட்டி வீட்டில் காவலரால் சுடப்பட்டான். இறந்தவரின் பெயரை உச்சரிப்பது அங்கே வழக்கமில்லை, நானும் எழுதவில்லை. மருத்துவ நிலைய ஊழியர்கள் தங்கள் குடியிருப்புகளில் கதவு உடைக்கப்பட்டதால் பாதுகாப்புக் கருதி அன்றைக்கே ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். அவன் காவல் நிலையத்தில் இறந்தான், ஊரில் ஒரு மருத்துவப் பணியாளர்கூட இல்லை. சுட்டவரை நீதிமன்றம் 2022-இல் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஊரில் யாரும் இதைப் பற்றி எங்களிடம் நீளமாகப் பேசவில்லை.

ஆனால் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முதல் நாள் பெயர் கேட்டார்கள், அடுத்ததாக “எப்போ போவீங்க?”, அதற்கடுத்து “மறுபடி வருவீங்களா?” நான் கோழிக் குழம்பு கிளறிக்கொண்டிருந்தபோதும் வந்து கேட்டார்கள். கங்காரு வாலை அலுமினியத் தாளில் சுற்றித் தணலில் புதைக்க எனக்குக் கற்றுக்கொடுத்த சிறுமி, முடியைப் பொசுக்கிச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். வருவேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது என்று இளைஞர் மையத்தில் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வர முடிந்தால் மட்டும் வருவேன் என்று சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளிடம் பொய்யான வாக்குறுதி ஏற்கெனவே நிறையச் சேர்ந்திருக்கிறது.

கடைசி இரவு மையத்தின் பொறுப்பாளர்களும் மூத்த பெண்களும் மாணவர்களோடு உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது பணமல்ல, பொருளல்ல. ஒவ்வொரு விடுமுறைக்கும் புதுப்புது எட்டுப் பேரை அனுப்பாதீர்கள், இரண்டு மூன்று பேர் போதும், அதே ஆட்கள் வரட்டும் என்றார்கள். சரியான கோரிக்கை. படிப்பு அனுபவத்துக்காகப் பலரையும் அனுப்ப நினைக்கிற சங்கத்துக்கு இது கசப்பாக இருக்கலாம், ஆனால் யாருக்காகப் போகிறோம் என்பதில் குழப்பம் இருக்கக் கூடாது. குறைந்தது இரண்டு ஆண்டு தொடர்ந்து வருவதாக ஒப்புக்கொள்பவர்கள் மட்டும் இனி போகலாம் என்று அங்கேயே முடிவாயிற்று. எட்டுப் பேரில் மூவர் கைதூக்கினார்கள், அவர்களில் ஒருத்தி எங்கள் நுங்கராயி. மற்ற ஐவரும் முடியாது என்று நேர்மையாகச் சொன்னதை அந்தப் பெண்கள் மரியாதையோடு ஏற்றுக்கொண்டதையும் சொல்ல வேண்டும்.

மையத்தில் வேலை பார்க்கும் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளர் ஆவதற்குப் படிக்கிறாள். ஊரையும் மொழியையும் முறையையும் அறிந்த அவளைப் போன்ற ஒருத்தி மருத்துவ நிலையத்தில் இருந்தால், அந்தப் பதினாலு வயதுப் பெண் ஊசிக்கு வர வெட்கப்பட மாட்டாள். படிப்பில் அவளுக்கு இடறுவது ஒரே இடம், மருந்தளவுக் கணக்கு. எடைக்கு இத்தனை மில்லிகிராம், புட்டியில் ஐந்து மில்லிக்கு இத்தனை, அப்படியானால் குழந்தைக்கு எத்தனை மில்லி என்கிற கணக்கு. யூண்டுமுவில் இருந்தபோது என் அக்கா மகள் இரவுகளில் அவளோடு உட்கார்ந்து பழைய அட்டைப்பெட்டிகளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் தொடர்கிறார்கள். கணக்கு முடிந்ததும் மறுமுனையிலிருந்து வார்ல்பிரி பாடம் நடக்கிறது. காது வலிக்கிறதா, எத்தனை நாளாக, இரவில் தூங்கினாயா என்று கேட்க இவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். நவம்பரில் அந்தப் பெண்ணுக்குத் தேர்வு. குழந்தைகளுக்கான அளவுகளை அதற்குள் முழுவதும் முடித்துவிடுவது என்று இருவரும் திட்டம் போட்டிருக்கிறார்கள்.